அடுக்குப் பார்க்க ஆட்களைக் கூப்பிடுங்கள்

(கிரானில் நடைபெற்ற சித்திரக் கலை டிப்ளோமா பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



விழா தொடங்குவதற்கு முன்னர், பக்கத்து அறையில் மாட்டியிருந்த உங்கள் ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அநேகமானவை கற்பனை உலகங்கள். பறக்கும் நாகங்கள், கற்கோட்டைகள், இறக்கை முளைத்த குதிரைகள், பனி மூடிய மலைகள். கோடு சுத்தமாக விழுந்திருக்கிறது. நிறத்தை அடக்கிப் பூசத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு படத்தின் முன்னால்தான் என்னால் நகர முடியாமல் போயிற்று. மாரி வெள்ளம் கிரான் பாலத்தை மூடிப் பாய்கிறது. அதற்குள்ளால் மலை போன்ற ஓர் எருமை நடந்து வருகிறது. அதன் முதுகில் ஒரு முழு ஊர்: குடிசைகள், கிணறு, கோயில், வைக்கோல் போர். கொம்புகளுக்கு நடுவில் ஒரு கிழவி அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழி காட்டுகிறாள்.

வரைந்தவர் யார் என்று கேட்டேன். ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கி வந்தார். "அது சும்மா கீறினது சேர். ஆருக்கும் காட்டுறதுக்கு எண்டு கீறல்ல. ரீச்சர்தான் எடுத்து மாட்டிட்டா" என்றார்.

இன்றைக்கு நான் பேச நினைத்து வந்தது வேறு. அந்தத் தங்கச்சியின் பதிலைக் கேட்ட பிறகு அதைப் பற்றியே பேசுகிறேன்.

பனி மலை வரைந்த பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. பார்த்த படங்களிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறோம். ஆனால் அந்த எருமை வெள்ளத்திலிருந்து தூக்கிய முன்னங்காலில் ஆற்றுவாழை சுற்றிக்கொண்டிருக்கிறது. குளம்பிலிருந்து சேறு கரைந்து வடிகிறது. உலகத்தில் இல்லாத ஒரு மிருகத்தை நான் நம்பியது அந்த ஆற்றுவாழையால்தான். கற்பனை ஓவியத்தில் பொய்யான பகுதி சிறியது. அந்தப் பொய்யைத் தாங்கி நிற்கும் மெய்தான் பெரியது. அந்த மெய் உங்களுக்குக் காலடியில் கிடக்கிறது. மேற்கே பாருங்கள், சமநிலத்திலிருந்து திடீரென்று எழுந்து நிற்கிறது குடும்பிமலை. எந்த ராட்சதன் உட்கார்ந்து போன இடம் என்று ஒரு பிள்ளையாவது வரைய வேண்டாமா? மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவுகளில் கேட்கும் ஒலியை நாம் பாடும் மீன் என்கிறோம். மீன் இல்லை, ஊரி என்ற நத்தை என்பாரும் உண்டு. பாடும்போது அதைக் கண்ணால் கண்டவர் இல்லை. அப்படியிருக்க, வரையச் சொன்னால் எல்லோரும் மேல்நாட்டுக் கடற்கன்னியையே வரைகிறோம். உருவமே தீர்மானிக்கப்படாத ஓர் உயிரினம், ஓவியருக்கு இதைவிடப் பெரிய கொடை எது?

நமது முன்னோர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வடமோடிக் கூத்தில் அரசன் ஆடுகளமான களரிக்கு வரும்போது அணிந்திருக்கும் கரப்புடுப்பைப் பார்த்திருப்பீர்கள். வாவியில் மீன் பிடிக்கிற கரப்பின் வடிவத்தில் வளையங்களைக் கட்டி, அதன் மேல் துணியை விரித்து, கண்ணாடித் துண்டுகளும் மினுக்கமும் வைத்தார்கள். துரியோதனனையும் இராவணனையும் இந்தக் கரையில் யாரும் நேரில் கண்டதில்லை. கையில் இருந்த கரப்பிலிருந்தே அவர்களை உண்டாக்கினார்கள். அதை அணிந்து ஒருவர் சுழலும்போது அவர் பகலில் வயலில் நின்ற மனிதர் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அந்த மனிதர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். கூத்தாடியவர்களில் பெரும்பாலானோருக்குக் கூத்து தொழில் அல்ல. விவசாயிகள், மீனவர்கள், மாடு வளர்ப்போர். இன்றைய வழக்கில் சொன்னால், பொழுதுபோக்குக் கலைஞர்கள். உங்களிலும் பலர் அப்படித்தான் இருக்கப் போகிறீர்கள். சிலர் சித்திர ஆசிரியர்களாவீர்கள், சிலர் கடை வைப்பீர்கள், சிலர் கட்டாருக்கோ டுபாய்க்கோ போவீர்கள். வரைவதற்கு மாலையும் இரவுந்தான் மிஞ்சும். மாலையும் இரவும் மட்டுமே கிடைத்த அந்த மனிதர்கள் எப்படி அவ்வளவு தேர்ந்தார்கள் என்பதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுப்பார். அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் அவரவர் கைக்குப் போகும். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். தாளக்கட்டு காலில் ஏறியதும் ஊரைக் கூட்டிச் சதங்கை அணிவார்கள். கவனியுங்கள், கூத்து அப்போது பாதிகூட முடிந்திருக்காது. ஆனாலும் ஊர் பார்க்கும். அதன் பிறகும் பழக்கம் தொடரும். அரங்கேற்றத்துக்கு முன்னர் அடுக்குப் பார்த்தல் நடக்கும். உடுப்பும் முடியும் இல்லாமல் முழுக் கூத்தையும் ஆடிப் பார்ப்பார்கள். ஊர்ப் பெரியவர்களும் கூத்துத் தெரிந்த அயலூராரும் வந்திருந்து பார்த்து, இந்த இடத்தில் ஆட்டம் பிந்துகிறது, அந்த விருத்தம் சுருதி சேரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். சொன்னதைத் திருத்திய பிறகே அரங்கேற்றம். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போயும் ஆடுவார்கள்.

முடியாத வேலையைக் காட்டுவதற்கென்று ஒரு நாளைக் குறித்து வைத்த சமூகம் இது. முடிந்த பிறகு காட்டினால் கைதட்டு மட்டுந்தான் கிடைக்கும், திருத்த நேரம் இருக்காது. களரி வட்டமானது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள், எந்தப் பக்கத்துக் குறையையும் மறைக்க வழியில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நகர மேடைக்கு எடுத்துப் போனார். அன்று அதில் ஆடிய மாணவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, இங்கே பக்கத்தில் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடர்ந்தார். விடியவிடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. இழப்பும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் புதிய கண்கள் பார்த்தபோது கூத்துக்குப் புதிய வடிவமும் கிடைத்தது.

ஓவியத்தில் இப்படிக் காட்டிக் காட்டியே தேர்ந்த ஒருவரைச் சொல்கிறேன். அம்புலிமாமா என்று கேட்டால் இங்கே இருக்கும் பெற்றோரின் முகம் மலரும். 1947இல் சென்னையில் தொடங்கிய அந்தச் சஞ்சிகை கடல் தாண்டி நமது கடைகளுக்கும் வந்தது. தோளில் வேதாளம் புகுந்த பிணம், கையில் உருவிய வாள், இருட்டுக்குள் நடக்கும் விக்கிரமாதித்தன்: அந்தச் சித்திரத்தை வரைந்தவர் கே. சி. சிவசங்கரன். சங்கர் என்று கையெழுத்திடுவார். 1924இல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதிபராக இருந்த காலத்தில் படித்து, 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்தார். அதன் பிறகு பல தசாப்தங்கள் வேதாளத்தோடேயே வாழ்ந்தார். 2020இல், தொண்ணூற்றாறு வயதில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது.

அவரிடம் நான் கற்றுக்கொள்ளச் சொல்வது இரண்டு. வேதாளத்தை யாரும் கண்டதில்லை, ஆனால் பிணத்தின் பாரத்தை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாரம் அரசனின் தோளிலும் முழங்காலிலும் தெரியாவிட்டால் கதை அங்கேயே செத்துவிடும். ஆகவே மனித உடலைப் படியுங்கள். மாட்டின் எலும்பைப் படியுங்கள். இறக்கை வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கொக்கு எழும்பும்போது அதன் தோள் எப்படி மடிகிறது என்று வாவிக் கரையில் உட்கார்ந்து கீறுங்கள். மற்றது, மாதச் சஞ்சிகை யாருடைய மனமும் நிறையும் வரை காத்திருக்காது. திகதி வந்தால் படம் போக வேண்டும். இந்த இதழில் சரிவராத கை, அடுத்த இதழில் சரிவரும். அவ்வளவு நீண்ட காலம் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான வீடுகளில் தன் படத்தைத் திறந்து வைத்தவருக்குக் கை தேறாமல் என்ன செய்யும்?

ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்கும் ஒரு பெயர் சொல்கிறேன். ஹென்றி ரூசோ. தத்துவஞானி ரூசோ அல்ல, பாரிஸ் நகர எல்லையில் வரி வசூலித்த சிற்றூழியர். 1844இல் பிறந்தவர். தானாகவே வரையக் கற்றவர். 1884இல் பாரிஸில் ஒரு கண்காட்சி தொடங்கியது. நடுவர் குழு கிடையாது, பரிசு கிடையாது, யாரும் படம் வைக்கலாம். ரூசோ 1886இலிருந்து 1910இல் இறக்கும் வரை, அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் அங்கே படம் வைத்தார். பத்திரிகைகள் சிரித்தன. அவர் வரைந்த காடுகள், புலிகள், குரங்குகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அவர் பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில் இலைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் காட்டைக் கட்டினார். உண்மையான காடும் உண்மையான யானையும் வயல் ஓரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்ல எனக்குத் தனி விருப்பம் உண்டு.

சில பெற்றோர் மனதில் ஒரு கேள்வி இருக்கும். நாட்டில் இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது ஊரைச் சுமக்கும் எருமை எதற்கு? நியாயமான கேள்வி. பதிலும் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். வீட்டையும் உறவுகளையும் இழந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக அங்கே வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், இல்லாத உலகங்களைப் பற்றிக் கதை கட்டினார்கள். கண்ட கொடுமையை நேராகச் சொல்ல வாய் வராத பிள்ளை, அதை ஒரு பூதத்தின் கதையாகச் சொல்லும். 2007இல் குடும்பிமலைப் பக்கத்து ஊர்கள் இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்களும் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். ஊரை முதுகில் சுமந்து வெள்ளம் கடக்கும் எருமை எங்கிருந்து வந்தது என்று நான் அந்தத் தங்கச்சியிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

இனி, காட்டுவது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்று பதில் வரும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். "முதல்ல எங்க கண் போச்சு?" என்று கேளுங்கள். "இந்த மிருகம் எவ்வளவு பாரம் இருக்கும்?" என்று கேளுங்கள். வானத்தில் மிதக்கும் தோணியை வரைந்தால் தோணிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அணியம் இவ்வளவு தூக்கி நின்றால் கவிழ்ந்துவிடும் என்று அவர் சொல்வார். எந்தப் பேராசிரியரும் உங்களுக்கு அதைச் சொல்லித் தர மாட்டார். கைத்தொலைபேசியில் போடுங்கள், தவறில்லை. தூரத்தில் இருப்பவர்கள் பார்க்க அது நல்ல வழி. ஆனால் அங்கே விழும் இதயக்குறிகளை எண்ணி உங்கள் கையை அளக்க வேண்டாம். கணினியிடம் சொன்னால் கணத்தில் நாகம் வரைந்து தருகிறது என்று சிலர் வந்து சொல்வார்கள். தரட்டும். அதனால் உங்கள் கை தேறாது.

படத்தின் பின்புறத்தில் பெயரும் திகதியும் எழுதுங்கள். கழித்த படங்களையும் எறியாதீர்கள், இரண்டு வருடம் கழித்து அவைதாம் உங்கள் வளர்ச்சிக்குச் சாட்சி சொல்லும். ஒவ்வொன்றையும் புகைப்படமாக எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு எத்தனையோ மாணவர்களை உருவாக்கியவர். 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வில் அவருடைய ஓவியங்கள் பல தொலைந்தன. வெள்ளமும் கறையானும் இருக்கிற ஊரில் போர் வரும் வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். கிரானில் ஓவியத்துக்கென்று ஓர் அடுக்கு வையுங்கள். பூரணை நாள் நாடு முழுவதும் விடுமுறை, ஆகவே மாதம் ஒரு பூரணை. மண்டபம் தேவையில்லை, பள்ளிக்கூட விறாந்தையும் ஒரு கொடிக்கயிறும் சில கிளிப்புகளும் போதும். ஒவ்வொருவரும் முடித்த படம் ஒன்றும் முடியாத படம் இரண்டும் கொண்டு வர வேண்டும். வரைந்தவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். வந்தவர்கள் முதலில் பேசட்டும். அண்ணாவியார் ஒருவரைக் கூப்பிடுங்கள், மேய்ச்சல் தரையில் மாடு பார்ப்பவரைக் கூப்பிடுங்கள், ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் வரைகிற பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், உங்கள் அம்மம்மாக்களை மறக்காமல் கூட்டி வாருங்கள். தைப்பூரணைக்குள் வெள்ளம் வடிந்துவிடும். அன்று காலை ஒன்பது மணிக்கு முதல் அடுக்கை வைத்துக்கொள்வோம். தேத்தண்ணிச் செலவு என்னுடையது. இரண்டு முடியாத படங்களோடு நானும் வருகிறேன்.