கணக்குக்கும் ஒரு விதைக்குதிர்: காப்பு மென்பொருளைப் புதுப்பிக்கும் முறை

(உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் நடந்த பயிற்சியில் நிகழ்த்திய உரை)



அறுவடை முடிந்ததும் விளைந்த நெல் முழுவதையும் நாம் விற்றுவிடுவதில்லை. அடுத்த பட்டத்திற்கு வேண்டிய விதையை நன்கு காயவைத்து வேறு குதிரில் வைக்கிறோம். விதைப்பதற்கு முன் நூறு விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் வைத்து முளைப்புத்திறனைப் பார்க்கிறோம். 80 விதைகளுக்குக் குறையாமல் முளைத்தால்தான் அதை விதை நெல் என்று ஒப்புக்கொள்கிறோம். தனியே வைப்பது, சோதித்துப் பார்ப்பது என்ற இந்த இரண்டு பழக்கங்களையும் நம் நிறுவன அலுவலகக் கணக்குகளுக்கும் கடைப்பிடிக்க வேண்டும். இன்று நான் கூற வந்தது இதுவே.

நமது அலுவலகத்தில் என்னென்ன கணக்குகள் இருக்கின்றன? உறுப்பினர் பங்குப் பதிவேடு, கொள்முதல் எடைக் கணக்கு, உரம், விதை இருப்பு, யாருக்கு எவ்வளவு பணம் பட்டுவாடா ஆயிற்று, எவ்வளவு பாக்கி என்ற விவரம் ஆகியவை இருக்கின்றன. முன்பு இவை பேரேட்டில் இருந்தன. இப்போது பெரும்பாலும் கூகுள் டிரைவிலோ மைக்ரோசாப்ட் ஒன்டிரைவிலோ இருக்கின்றன. இதனைக் ‘கிளவுட்’ என்றும் ‘மேகம்’ என்றும் சொல்கிறார்கள். உண்மையில் அது வேறோர் ஊரில் வேறொருவர் நடத்தும் கணிப்பொறிக் கூடமே. எங்கிருந்தும் கணக்கைப் பார்க்கலாம் என்பது இதன் நன்மை. ஆனால் ‘மேகத்தில் இருக்கிறது, இனிக் கவலையில்லை’ என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டு நிகழ்ச்சிகள்

தென்கொரியாவில் தேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் நிலையத்தில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று மின்கலங்களில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற மேகச் சேமிப்பு அதில் எரிந்துபோயிற்று. 858 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அதில் இருந்தன. வெளியிடத்தில் அவற்றுக்குக் காப்பு நகல் இல்லை. ஏறத்தாழ 1,25,000 ஊழியர்களின் கோப்புகள் இவ்வாறு பாதிக்கப்பட்டன.

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்திற்கு 6 லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், கூகுள் கிளவுடில் இருந்த அதன் கணிப்பொறி ஏற்பாடு ஓர் அமைப்புப் பிழையால் அழிந்துவிட்டது. உறுப்பினர்கள் பல நாள்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். ஆனால் அந்த நிதியம் வேறொரு நிறுவனத்திடமும் காப்பு நகல் வைத்திருந்தது. அதனால் மீண்டும் எழுந்து நின்றது. ஒருவர் மீள முடிந்ததற்கும் மற்றவர் தவித்ததற்கும் காரணம், வேறிடத்தில் வைத்திருந்த நகல்தான்.

இணைந்த நகல் காப்பு ஆகாது

‘எங்கள் கோப்புகள் அலுவலகக் கணிப்பொறியிலும் இருக்கின்றன, மேகத்திலும் இருக்கின்றன, அது போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். போதாது. அந்த இரண்டும் ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்களைப் போன்றவை. மேல் வயலில் கலந்த நஞ்சு கீழ் வயலுக்கும் வந்து சேரும். கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்தால் மேகத்திலும் அது அழியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள் புகுந்தால், பூட்டிய கோப்பே மேகத்திற்கும் போகும்.

அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் சில நாள்கள் இருக்கும் என்பது உண்மைதான். கூகுள் டிரைவில் அது 30 நாள்கள். அலுவலகங்களுக்கான ஒன்டிரைவில் வழக்கமாக 93 நாள்கள். கொள்முதல் கணக்கில் ஏற்பட்ட தவறு ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வரும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். அதற்குள் தொட்டி காலியாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் எழுதிய கணக்கு நம் கணிப்பொறியில் ஒரு கோப்பைப் போலத் தெரியும். அங்கே இருப்பது முகவரிச் சீட்டு மட்டுமே. கணக்கு மேகத்தில்தான் இருக்கிறது. அந்தச் சீட்டை வேறு வன்தட்டில் நகலெடுத்து வைப்பதால் பயனில்லை. ஒன்டிரைவிலும் சில கோப்புகள் பெயரளவிற்கே கணிப்பொறியில் இருக்கும்.

ஆகவே, மேகத்திலுள்ள கோப்புகளை நாள்தோறும் எடுத்து, கணக்கை எக்செல் போன்ற வடிவத்திற்கு மாற்றி, வேறிடத்தில் தேதிவாரியாக வைக்கும் காப்பு மென்பொருள் தேவைப்படுகிறது.

புதுப்பிப்பது ஏன்?

இந்த மென்பொருளை ஒருமுறை நிறுவிவிட்டால் போதும் என்று விட்டுவிட முடியாது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மேக நிறுவனங்கள் தங்கள் வாசலின் பூட்டை அவ்வப்போது மாற்றுகின்றன. கூகுளின் ‘பேக்கப் அண்ட் சிங்க்’ என்ற பழைய மென்பொருள் 2021 அக்டோபருடன் நின்றுபோயிற்று. மைக்ரோசாப்ட் தனது அலுவலக மின்னஞ்சல் சேவையில், கடவுச்சொல்லை மட்டும் கொண்டு நுழையும் பழைய முறையை 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியது. பழைய சாவியை வைத்திருந்த மென்பொருள்கள் வெளியே நின்றன.

இரண்டாவது, காப்பு மென்பொருளிலேயே ஓட்டை ஏற்படுவதுண்டு. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் வீம் என்ற மென்பொருளில் கண்ட ஓட்டை ஒன்று 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. திருத்திய பதிப்பு வந்த பிறகும் அதை நிறுவாதவர்களின் கணிப்பொறிகளில் பணம் பறிக்கும் கூட்டத்தார் அந்த ஓட்டை வழியே புகுந்தனர். குதிரில் எலிவளை இருக்கிறது என்று தெரிந்தும் அடைக்காமல் விட்டது போலாயிற்று.

மூன்றாவது, அடித்தளமும் பழையதாகிறது. விண்டோஸ் 10 அமைப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. புதிய காப்பு மென்பொருள்கள் பழைய அடித்தளத்தைப் படிப்படியாகக் கைவிடும்.

புதுப்பித்ததில் நேர்ந்த இழப்பு

புதுப்பிப்பது நல்லது. ஆனால் கவனமில்லாமல் புதுப்பித்தால் இழப்பு நேரும். எனக்குத் தெரிந்த ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் மக்காச்சோளக் கொள்முதலுக்குச் சற்று முன் காப்பு மென்பொருளைப் புதுப்பித்தார்கள். புதிய பதிப்பு மேகத்திற்குள் நுழைய மீண்டும் அனுமதி கேட்டது. அதை யாரும் கொடுக்கவில்லை. ஒவ்வோர் இரவும் மென்பொருள் எழுந்து, வெறுங்கையுடன் திரும்பியது. ‘நகல் எடுக்க முடியவில்லை’ என்ற எச்சரிக்கை, வேலையை விட்டுச் சென்ற கணக்கரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கிடையில் இடம் போதவில்லை என்று யாரோ ஒரு கோப்புறையை அழித்தனர். அதில் மூன்று வார எடைக் கணக்கு இருந்தது. தெரியவந்தபோது 30 நாள்கள் கடந்துவிட்டன.

பிறகு உறுப்பினர்கள் கையிலிருந்த எடைச் சீட்டுகளை வாங்கிக் கணக்கை மீண்டும் எழுதினார்கள். சீட்டை வைத்திருந்தவர்களுக்குக் குறையில்லை. சீட்டைத் தொலைத்தவர்கள், ‘நான் போட்டது இத்தனை மூட்டை’ என்று வாய்ச்சொல்லாகத்தான் கூற முடிந்தது. மென்பொருளைக் கண்ணாலும் பார்த்திராத சிறு உழவர்களுக்கே இழப்பு நேர்ந்தது. ஆகவே இது கணக்கருக்கு மட்டும் உரிய வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

புதுப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

1. தற்போதைய பதிப்பின் எண், உரிமச் சாவி, எந்தெந்தக் கோப்புறைகளுக்கு நகல் எடுக்கப்படுகிறது, எத்தனை மணிக்கு, எந்த வன்தட்டில் என்ற விவரங்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். நகலைத் திறக்கும் கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டி நிறுவன அலமாரியில் பூட்ட வேண்டும். அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் மென்பொருளைச் செய்தவராலும் நகலைத் திறக்க முடியாமல் போகும்.

2. பழைய பதிப்பு இருக்கும்போதே சில கோப்புகளை மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். பழைய நகலில் பழுதிருந்தால் அதை இப்போதே அறிந்துகொள்ளலாம்.

3. இதுவரை எடுத்த நகல்களை மற்றொரு வன்தட்டில் பிரதி எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி, வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும்.

4. புதிய பதிப்புடன் வரும் குறிப்பைப் படிக்க வேண்டும். நமது பதிப்பிலிருந்து நேரே தாவலாமா, இடைப்பட்ட பதிப்பு ஒன்றை நிறுவ வேண்டுமா, நகலின் அமைப்பு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருளின் 0.14 பதிப்பு 2022இல் வந்தபோது, நகலைச் சுருக்கி வைக்கும் புதிய அமைப்பும் வந்தது. அந்த அமைப்பில் எழுதியதை முந்தைய பதிப்புகளால் படிக்க இயலாது. அமைப்பை மாற்றிய பின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை.

5. கொள்முதல் காலத்திலும், பட்டுவாடா வாரத்திலும், கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை குறைந்த மாதத்தில், மின்தடை அறிவிப்பு இல்லாத நாளில் செய்வது நல்லது.

புதுப்பித்த பின் செய்ய வேண்டியவை

மேகத்திற்குள் நுழையும் அனுமதி நிறுவனத்தின் பொதுக் கணக்கில் இருக்க வேண்டும். தனி ஆளின் கணக்கில் இருக்கக் கூடாது. எச்சரிக்கை மின்னஞ்சல் குறைந்தது இருவருக்குப் போக வேண்டும்.

முதல் நாள் இரவு எல்லாக் கோப்புகளையும் புதிதாக எடுக்க நேரலாம். ஆகையால் இணைய அளவும் வன்தட்டில் இடமும் போதுமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் முளைப்புச் சோதனை செய்ய வேண்டும். சென்ற ஆண்டின் கோப்பு ஒன்று, நேற்று எழுதிய கோப்பு ஒன்று, கூகுள் ஷீட்ஸ் கணக்கு ஒன்று ஆக மூன்றை வேறொரு கோப்புறையில் மீட்டெடுக்க வேண்டும். திறந்து, மொத்தத் தொகையை மூலக் கணக்குடன் ஒப்பிட வேண்டும். ‘வெற்றி’ என்று திரையில் பச்சை எழுத்தில் வருவதை மட்டும் நம்பக் கூடாது. சோதனை சரியாக இருந்தாலும் பழைய வன்தட்டை ஒரு தணிக்கை முடியும் வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பிறகு மூன்று மாதத்திற்கு ஒருமுறை இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சட்டமும் நமது கடமையும்

உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். கணக்குகளைக் கணிப்பொறியில் வைத்திருந்தால், அவற்றின் காப்பு நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும். அந்த நகலை நாள்தோறும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அலமாரியில் உள்ள வன்தட்டு இதற்கு மாற்றாகாது. இது வேறு, அது வேறு.

கணிப்பொறி தெரியாத உறுப்பினரும் பேரவைக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்கலாம். நமது கணக்கின் நகல் எந்தெந்த இடங்களில் இருக்கிறது? கடைசியாக எந்தத் தேதியில் மீட்டெடுத்துப் பார்த்தீர்கள்? மென்பொருளைப் புதுப்பித்த பிறகு பார்த்தீர்களா? இவற்றுக்குத் தேதியுடன் பதில் வர வேண்டும். ‘எல்லாம் மேகத்தில் இருக்கிறது’ என்பது பதில் ஆகாது.

நீங்களும் உங்கள் எடைச் சீட்டைப் பணம் கைக்கு வரும் வரை பத்திரமாக வைத்திருங்கள். முளைப்புப் பார்க்காத விதையை நாம் வயலில் இறக்குவதில்லை. மீட்டுப் பார்க்காத நகலையும் அதுபோலவே காப்பு என்று நம்பாதீர்கள் என்று கூறி விடைபெறுகிறேன்.