சாக்கடைக் குழாயும் மரத்தின் வேரும்



வீட்டுச் சாக்கடைக் குழாய் அடைபட்டதும் நம்மவர் முதலில் தேடுவது கோடரியை. கொல்லையில் நிற்கும் வேம்பின்மீது பழி விழுகிறது. குற்றமோ பெரும்பாலும் மரத்தினுடையதன்று, குழாயின் மூட்டினுடையது.

நல்ல குழாயை வேர் துளைப்பதில்லை. சுட்ட மண் குழாய்களின் மூட்டிலே பூச்சு வெடித்தால் ஈரம் கசியும். அவ்வீரத்தை நாடி மயிரிழை போன்ற வேரொன்று உட்புகும். உள்ளே நீரும் உரமும் குறைவின்றிக் கிடைத்தலால், சடைபோலப் பெருகி வழியை அடைக்கும். பின்னர்ப் பருத்து மூட்டையே பிளக்கும். பிளவின் வழியே மலநீர் மண்ணில் இறங்கி அண்டையிலுள்ள கிணற்றைச் சேருமாயின், அந்நீரைக் குடிப்பவர்க்குப் பேதியும் விஷ ஜுரமும் உண்டாகும். அடைப்பெடுக்கும் கூலியைப் பற்றியன்று என் கவலை; இதைப் பற்றியே.

ஆகையால் குழாய் பதிக்கும் நாளில் சிக்கனம் பாராதீர்கள். மூட்டைச் சுற்றிலும் சிமிட்டிச் சாந்து செறிய வேண்டும். கைக்கு எட்டாத அடிப்பாகத்தைத்தான் வேலையாள் விட்டுவிடுவான், அருகிலிருந்து பாருங்கள். மண் மூடுமுன் நீர் நிரப்பிக் கசிவைச் சோதியுங்கள். இக்காலத்துப் பி.வி.சி. குழாய்க்கு மூட்டுக்கள் குறைவு. அவற்றையும் செவ்வையாக ஒட்டாவிடில் பயனில்லை. ஆல், அரசு இவற்றிற்கு 20 அடியும் தூரமன்று. அப்பக்கமே குழாய் வேண்டா.

வேர் புகுந்துவிட்டாலோ, அறுத்தெடுத்தால் மட்டும் போதாது, மீண்டும் தழைக்கும். தோண்டி மூட்டைத் திருத்துங்கள். மயில்துத்தம் கொட்டுவோரும் உண்டு. அது உள்ளிருக்கும் வேரைக் கருக்கும், ஓட்டையை அடைக்காது. குளத்தில் கலந்தால் மீனையும் கொல்லும்.