எண்ணுக்கு அஞ்சும் பிள்ளைகளும் தமிழ்ப் பெற்றோரும்

(இலண்டன் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர் தமிழரிடையே கணிதத்துக்கு உள்ள மதிப்பு வேறெந்தப் பாடத்துக்கும் இல்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவர் என்றால் யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதையே தனி. அந்த மரியாதை விமானமேறி ஈஸ்ற்ஹாமுக்கும் ஹரோவுக்கும் ரூட்டிங்குக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, மாலையில் ரியூசன், இடையில் சற்றன், றெட்பிறிட்ஜ் கிராமர் பள்ளிகளின் பதினோராம் வயதுத் தேர்வுக்கான ஆயத்தம். இத்தகைய சூழலில் எட்டு வயதுப் பிள்ளையொன்று ஏழுடன் ஐந்தைக் கூட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து விரல்விட்டு எண்ணுமாயின், அதற்குச் சூட்டப்படும் பெயர்கள் சோம்பல், கவனமின்மை, பிடிவாதம் என்பனவே. இவற்றுள் எதுவுமே உண்மைக் காரணமாக இல்லாதிருக்கலாம்.

இதுபற்றிய ஆய்வில் இலண்டன் மாநகருக்குச் சிறப்பான இடம் உண்டு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் பிறையன் பட்டர்வேர்த், கணிதமும் மூளையும் பற்றிய தமது நூலை 1999 இல் வெளியிட்டார். 'டிஸ்கல்குலியா' எனப்படும் எண்ணுணர்வுக் குறைபாட்டைக் கண்டறியும் கணினிச் சோதனையை 2003 இல் உருவாக்கினார். மேசைமேல் நான்கு புளியங்கொட்டைகள் கிடந்தால் பெரும்பாலானோர் எண்ணாமலே நான்கு என்பர். இக்குறைபாடுடைய பிள்ளை அவற்றையும் ஒன்று, இரண்டு என எண்ணிப் பார்க்கக்கூடும். வாசிப்பிலும் பேச்சிலும் அதே பிள்ளை கெட்டிக்காரராக இருக்கலாம். பட்டர்வேர்த் தம் நூலில் விவரிக்கும் ஒருவர் பட்டதாரி. ஆயினும் எளிய கூட்டலுக்கும் அவருக்கு விரல்கள் வேண்டியிருந்தன. அவரும் சகாக்களும் 2011 இல் சயன்ஸ் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, 5 முதல் 7 விழுக்காட்டினரிடம் இக்குறைபாடு இருக்கலாம் என மதிப்பிடுகிறது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவர் அல்லது இருவர் என்று கொள்க.

கணித அச்சம் என்பது வேறொன்று. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கவும் கூடும். ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மருந்து கொடுத்தலாகாது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடுமையான கணித அச்சமுடைய பிள்ளைகளுள் 77 விழுக்காட்டினர் சராசரி அல்லது அதற்கு மேற்பட்ட பெறுபேறு உடையவர்கள். அதாவது, நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளையும் உள்ளூர நடுங்கிக்கொண்டிருக்கலாம். கணக்கொன்றைச் செய்யும்போது இடைவிடைகளைத் தற்காலிகமாகத் தாங்கிநிற்கும் நினைவிடம் மிகச் சிறியது. "பிழைத்துவிடுமோ, அப்பா ஏசுவாரோ" என்ற கவலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு இடமில்லை. இங்கிலாந்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் வாய்பாட்டுச் சோதனையில் 25 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. அதற்குச் சித்தியெல்லை கிடையாது. அதை அறியாத வீடுகளில் அடுப்படி மணிக்கூட்டை வைத்து மாதக்கணக்காக நடத்தப்படும் ஒத்திகைதான் உண்மையான சோதனையாகிவிடுகிறது.

வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது பற்றியும் ஒரு சொல். 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, தாமே கணிதத்துக்கு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது பிள்ளைகள் அவ்வாண்டில் குறைவாகவே கற்றனர் என்றும், அச்சம் கூடியது என்றும் கண்டது. கணிதத்தில் வல்ல பெற்றோர் இதைக் கேட்டு ஆறுதலடைய வேண்டாம். "இதுகூடவா விளங்கவில்லை?" என்ற கேள்வி பெரும்பாலும் அவர்கள் வாயிலிருந்தே பிறக்கிறது.

இனித் தமிழ்ப் பெற்றோர் பலரும் அறியாத ஒரு செய்தி. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆன் டவுக்கரும் சக ஆய்வாளர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தில் தமிழும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளை ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளோடு ஒப்பிட்டனர். எண்கணிதச் சோதனைகளுள் ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகள் மேலான பெறுபேறு காட்டினர். ஈரிலக்க எண்களை ஒப்பிடுவதில் வேறுபாடு காணப்படவில்லை. இதைக்கொண்டு தமிழே மருந்து என முழங்குவது மிகையாகும். எனினும் எண்ணுப்பெயர்களைக் கவனியுங்கள். 'இலெவன்', 'டுவெல்வ்' என்பவற்றில் பத்து ஒலிப்பதே இல்லை. 'ஃபோர்ட்டீன்' நான்கை முன்னே சொல்கிறது. எழுதும்போதோ ஒன்று முன்னே நிற்கிறது. 'பதினான்கு' பத்தை முதலிலும் நான்கை அடுத்தும் சொல்லி, எழுதும் வரிசையிலேயே செல்கிறது. 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' என மயங்கும் பிள்ளைக்குப் பதின்மூன்றும் முப்பதும் காதில் வேறுவேறாக விழும். (தமிழிலும் இடறல் உண்டு: தொண்ணூற்றில் நூறும், தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிப்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.) ஆகவே, பிள்ளை குழம்பக்கூடாது என்று வீட்டில் தமிழ் எண்களைக் கைவிடுவது தேவையற்றது.

கற்பிக்கும் முறைக்கு வருவோம். இப்பிள்ளைகளுக்கு எண் முதலில் கையில் இருக்கவேண்டும். தாளுக்கு அது பின்னரே வரலாம். பெல்ஜிய ஆசிரியர் குயிசனேர் உருவாக்கிய வண்ணக் கோல்கள் இதற்கு மிக உகந்தவை. எட்டின் கோலையும் ஐந்தின் கோலையும் வரிசையாக வைத்து, பக்கத்தில் பத்தின் கோலை வைத்தால், மிச்சம் மூன்று என்பது கண்ணுக்கே தெரியும். எட்டு பத்தாக இரண்டு வேண்டும், ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்ற சிந்தனை அங்கிருந்து பிறக்கிறது. கோல்கள் இல்லையெனில் கொண்டைக்கடலை போதும். பத்துப் பத்தாகக் கிண்ணங்களில் இடலாம். தாயக்கட்டையும் பாம்பும் ஏணியும் வெறும் பொழுதுபோக்கல்ல. நாளொன்றுக்குப் பத்து நிமிடம், மணிக்கூடு இல்லாமல். பிள்ளை சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். விரலைத் தடுக்க வேண்டாம். ஒரு மணிநேர ரியூசன் பயன்படாத பிள்ளைக்கு அதே முறையில் மூன்று மணிநேரம் கொடுப்பது அச்சத்தை மும்மடங்காக்கும், கட்டணத்தையும்தான்.

அடுத்தது உரிமை. "பெயர் வைத்துவிடுவார்கள், நாளைக்குப் பிள்ளையின் எதிர்காலம் என்னாவது?" என்ற அச்சத்தால் பல குடும்பங்கள் பள்ளியிடம் வாய்திறப்பதில்லை. பெயர் வைக்காவிட்டாலும் பிள்ளை தனக்குத் தானே 'மக்கு' என்று பெயர் வைத்துக்கொள்கிறது. முதலில் அணுகவேண்டியவர் 'சென்கோ' எனப்படும் சிறப்புத் தேவை ஒருங்கிணைப்பாளர். இங்கிலாந்தின் 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைப் பெற்றோரே உள்ளூராட்சி சபையிடம் நேரடியாகக் கோரலாம். 6 வாரத்துள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும்; மறுத்தால் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். வீட்டுமொழி வேறு என்பது மட்டுமே கற்றல் இடர்பாடாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆதலால் பள்ளி "ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடும்போது, பிள்ளை தமிழிலும் அதே எண்களில் தடுமாறுகிறதா என்பதைப் பெற்றோர் எழுத்தில் கொடுப்பது பெரும் பயன் தரும். அந்தச் சான்றை வேறு யாராலும் கொடுக்க இயலாது.

இளையோருக்கு: ஜி.சி.எஸ்.ஈ. கணிதத்தில் 4 ஆம் தரம் எட்டாதவர் 16 வயதுக்குப் பின்னரும் கணிதத்தைத் தொடர்ந்து படிக்கவேண்டியுள்ளது. தேர்வில் மேலதிக நேரம் தேவையெனில் பள்ளியே உரிய சான்றுகளுடன் விண்ணப்பிக்க வேண்டும். வழமையாக அது 25 விழுக்காடு. தேர்வுக்கு முந்திய மாதம் கேட்டால் காலம் கடந்துவிடும். பத்தாம் ஆண்டின் தொடக்கத்திலேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாயின் அம்மாவையோ அண்ணன் அக்காவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.