புடலங்காய்க்குக் கட்டிய கல்

(நம் குடியிருப்பின் பொங்கல் கூடுகையில், மாடித் தோட்டக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாடித் தோட்டத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். உரம், பூச்சி பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் பைபிள் படித்து வளர்ந்தவன். அதனால் காய்கறி எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடத்தை மட்டும் சொல்கிறேன்.

நடந்தது போன ஐப்பசியில். ஆடியில் போட்ட புடலை, பந்தல் நிறையக் காய்த்திருந்தது. முதல் காய்களை எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோனேன். விளைச்சலின் முதல் பங்கைக் கடவுளுக்குப் படைக்கும் நாள் அது. காய், வாழைத்தார், கோழி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். தெற்கு மாட வீதி விலையைப்போலப் பல மடங்குக்கு என் புடலை போயிற்று. பெருமையோடு வீடு திரும்பினேன்.

அன்று மாலை மேல்தளத்து அம்மா கதவைத் தட்டினார். அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்" என்றார். அவர் வீட்டு ஹால் சீலிங்கில் பெரிய ஈரத் திட்டு. கீழே ஒரு வாளி. என் தொட்டிகள் இருப்பது அதற்கு நேர் மேலே. "மழைக்காலம்மா, எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரவு தூக்கம் வரவில்லை. ஆகாப் ராஜாவின் கதை நினைவுக்கு வந்தது. அரண்மனையை ஒட்டி நாபோத் என்பவரின் திராட்சைத் தோட்டம். கீரை போட அதைக் கொடு என்றான் ராஜா. முன்னோர் சொத்து, தரமாட்டேன் என்றார் நாபோத். பொய்ச்சாட்சி வைத்து, அவரைக் கல்லெறிந்து கொன்று நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். "போயும் போயும் கீரைக்காகவா?" என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. என் காய்க்காக நானும் அடுத்தவர் வீட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

புதினா, சீரகம்வரை கணக்குப் பார்த்துப் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கண்டித்தார். காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு நம்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவனோடு சமாதானம் ஆகவேண்டும் என்றும் சொன்னார். நானோ காணிக்கையை ஏலத்தில் விட்டுவிட்டு வந்து, வாளியைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

காலையில் பந்தலுக்குப் போனேன். புடலைப் பிஞ்சின் நுனியில் நூலால் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது உங்களுக்குத் தெரியும். கட்டாவிட்டால் காய் சுருண்டுகொள்ளும். கட்டினால் நேராக இறங்கும். கண்டிப்பு அந்த நேரத்தில் வருத்தமாகத்தான் இருக்கும், பலன் பிறகு தெரியும் என்கிறது எபிரேயருக்கு எழுதிய நிருபம். எத்தனையோ பிஞ்சுக்குக் கல் கட்டியவன் நான். அந்த அம்மா சொன்னது எனக்குக் கட்டிய கல் என்று அப்போதுதான் புரிந்தது.

நேராக இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். தொட்டிகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் தட்டு வைத்தேன். மழைநீர் இறங்கும் குழாய் வாயை என் தோட்டத்துச் சருகு அடைத்திருந்தது, அள்ளினேன். சீலிங் இன்னும் முழுதாகக் காயவில்லை. கோடையில் பூசவேண்டும், செலவு என்னுடையது.

தோட்டம் போடும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காதீர்கள். மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் குழாய் வாயைச் சுத்தம் செய்யுங்கள். செடிக்கு முன்னால், கீழே குடியிருப்பவரை ஒருமுறை விசாரியுங்கள்.

பொங்கல் வாழ்த்துகள். வாசலில் அரைக்கீரைக் கட்டு வைத்திருக்கிறேன். போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.