விசைப்பலகை யார் கையில்?

(கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒரு பயிற்சி முகாமின் தொடக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஓரளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னும் கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் உட்கார்ந்து, நீங்க கொண்டுவந்திருக்கிற மடிக்கணினிகளில் லினக்ஸ் ஏற்றப் போகிறோம். 'இதுக்கு எதுக்கு ஒரு பேச்சு, நேரா வேலையைத் தொடங்கலாமே' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். கணினியில் ஒரு இயங்குதளத்தை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. முக்கால் மணி நேர வேலை. ஆனால் அதை யார் செய்கிறார், யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார், வேலை முடிந்தபிறகு அறிவு யார் கையில் தங்குகிறது என்பதில் அரசியல் இருக்கிறது. அதைப் பேசிவிட்டு உள்ளே போவோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படித்து மாற்றலாம், அடுத்தவருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்கிற நான்கு சுதந்திரங்கள்தான் அதன் அடிப்படை. 1989இல் இந்தச் சுதந்திரங்களைப் பாதுகாக்கிற பொது உரிமம் வந்தது. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதிய கருநிரல் அடுத்த ஆண்டே அந்த உரிமத்தின் கீழ் வந்து, குனுவோடு சேர்ந்து ஒரு முழு இயங்குதளமாச்சு. டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாம் அந்த மரத்தின் கிளைகள்தான். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். காசு வேண்டாம் என்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. பூட்டு கிடையாது என்பதுதான் முக்கியம்.

சரி, பூட்டு இல்லை. அப்படின்னா எல்லாரும் உள்ளே வந்துட்டாங்களா?

இந்த இடத்தில் மகாத்தை நினைத்துப் பார்க்கணும். 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் உள்ள குளம், கிணறு, பள்ளி எல்லாம் தீண்டத்தகாதார் எனப்பட்டவர்களுக்கும் உரியவை என்று அது சொன்னது. 1924இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தாச்சு. மூணு வருஷம் நம்ம ஆளுங்க யாரும் இறங்க முடியல. 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்குப் பதிலாகச் சாதி இந்துக்கள் நம் மக்களை அடித்தார்கள். குளத்தில் சாணியும் மூத்திரமும் கலந்த குடங்களைக் கொட்டித் 'தீட்டு' கழித்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் நடந்து 1937இல்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது.

தண்ணீரும் மென்பொருளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. லினக்ஸ் போட்டதற்காக இங்கே யாரும் அடிக்க வரமாட்டான். ஆனால் மகாத் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடம் இங்கேயும் செல்லும். உரிமை எழுத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தை யாரும் தனியாகக் கடப்பதில்லை, கூட நடக்க ஆள் வேண்டும். தன்னார்வலர்கள் புதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இயங்குதளம் ஏற்ற உதவுவதை நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

நம் மாநிலத்து உதாரணமே இருக்கு. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. நம் பிள்ளைகள் பல பேருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். அந்தத் திட்டத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தக் கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. ஆனால் எனக்குத் தெரிந்த விடுதி மாணவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. சில பேர் 'இது எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு' என்று கடையில் கொடுத்து அழித்தார்கள். அழித்த கையோடு அதே கடையில் சில நூறு ரூபாய் கொடுத்துத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். அதோடு வைரஸும் வந்தது. மறுபடி கடை, மறுபடி காசு. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பொருள் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து 'இதோ பார், இது இப்படி' என்று காட்ட ஆள் வரவில்லை.

ஆள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டங்கள் பல ஆண்டுகள் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்தன. நல்ல மனிதர்கள், கைக்காசு செலவழித்து வேலை செய்தவர்கள் அதில் உண்டு. ஆனால் அந்த வளாகத்து வாசலைத் தாண்டிப் போவதற்கே நம் பிள்ளைக்கு ஒரு தைரியம் வேண்டும். உள்ளே போனால் பேச்சு ஆங்கிலத்தில். கேள்வி கேட்டால் 'கையேட்டைப் படிச்சிட்டு வா' என்கிற பதில். உலகம் முழுக்க கணினிக்காரர்கள் புதியவர்களிடம் எரிச்சலோடு சொல்லிப் பழகிய வாசகம் இது. அவர்களுக்கு அது விளையாட்டுப் பேச்சு. தலைமுறை தலைமுறையாக 'உனக்கெதுக்குப் படிப்பு' என்று கேட்டுக் கேட்டு வந்தவன் காதில் அது வேறு மாதிரி விழும். அன்றைக்கு எழுந்து போனவன் திரும்பி வரமாட்டான். வராதவனைப் பற்றி 'அவனுக்கு ஆர்வம் இல்லை' என்று குறிப்பெழுதிவிடுவார்கள்.

இன்னொரு வகை இருக்கு. அது ரொம்ப அன்பானது, அதனாலேயே ஆபத்தானது. 'இங்க கொடு தம்பி, நான் போட்டுத் தரேன்' என்று கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது. விறுவிறு என்று கறுப்புத் திரையில் கட்டளைகள் ஓடும். நம் பையன் கை கட்டி நின்று வேடிக்கை பார்ப்பான். அரை மணியில் 'முடிஞ்சுது, எடுத்துக்கோ'. வீட்டுக்குப் போய் ஒரு சிக்கல் வந்தால் திரும்ப அவரிடமே வரணும். மந்திரம் ஐயருக்கு, தட்சணையும் கும்பிடும் நமக்கு என்கிற அதே ஏற்பாடு. பூணூல் இல்லை என்பதுதான் வித்தியாசம். நம் ஆட்களே தன்னார்வலர்களாகப் போனாலும் இந்தப் புத்தி வரும். ஆகவேதான் இதை உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

மாற்று உதாரணங்களும் உண்டு. பெங்களூரில் பன்னேர்கட்டா சாலைப் பக்கம் சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரில் ஒரு சமூகக் கணினி மையம் தொடங்கப்பட்டது. கர்நாடகத்துக் கட்டற்ற மென்பொருள் இயக்க இளைஞர்கள் பழைய கணினிகளைச் சேர்த்துக் கொண்டுபோய் வைத்து, விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். ஜிம்ப் என்ற மென்பொருளில் அந்தப் பிள்ளைகள் வரைந்த படங்கள் வெளியிலும் பேசப்பட்டன. கவனியுங்கள், மையம் குடிசைக்குள் போனது, பிள்ளைகளை வளாகத்துக்கு வரச்சொல்லவில்லை. கேரளத்தில் ஆசிரியர் சங்கம் ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளைப் பள்ளிக்குள் திணிப்பதை எதிர்த்தது. 2000களின் நடுவிலிருந்து அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியே கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்களே நிறுவக் கற்றார்கள், அடுத்த ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களிடையே தமிழிலேயே வேலை செய்கிறது. முடியும் என்பதற்கு இவ்வளவு போதும்.

உள்ளே போனதும் உங்களுக்கு ஒரு தகராறு வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சில மடிக்கணினிகளில் வைஃபை வேலை செய்யாது. அந்தச் சில்லுக்கு வேண்டிய நிரலை நிறுவனம் பூட்டியே வைத்திருக்கும். அதைச் சேர்த்தால் கட்டற்ற தன்மை கெட்டுவிடும் என்று சில நண்பர்கள் கடுமையாக வாதிடுவார்கள். அவர்கள் கவலை பொய் இல்லை, பூட்டிய நிரலை யாரும் திறந்து பார்க்க முடியாதுதான். ஆனால் டெபியன்காரர்களே 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட நிரல்களை நிறுவியிலேயே சேர்த்தார்கள். விடுதிப் பிள்ளை இணையம் இல்லாத கணினியைத் தூக்கிக்கொண்டு போனால் மறுநாளே கடைக்குத்தான் போவாள். சுத்தம், தீட்டு என்ற பேச்சைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் சந்தேகம் வருவது இயல்பு. முதலில் வேலை செய்ய வைப்போம், பூட்டைப் பற்றி அவளோடு சேர்ந்தே பேசுவோம்.

இப்போது ஏன் இந்த அவசரம்? விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகளை ஏற்றுக்கொள்வதில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. கணினி நன்றாகத்தான் ஓடும், 'காலாவதி' என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஐரோப்பாவில் பழுதுநீக்கும் குழுக்களும் லினக்ஸ் குழுக்களும் சேர்ந்து 'எண்ட் ஆஃப் 10' என்று இயக்கமே நடத்தி, இப்படிப்பட்ட கணினிகளில் லினக்ஸ் போட உதவுகிறார்கள்.

தூக்கிப்போட்டால் அது எங்கே போகும்? தில்லி சீலம்பூர் மாதிரி இடங்களுக்குப் போகும். அங்கே ஏழைத் தொழிலாளிகள் கையுறைகூட இல்லாமல் உடைத்து, கம்பியை எரித்து, அமிலத்தில் முக்கிச் செம்பும் தங்கமும் பிரிக்கிறார்கள். செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு புரியாமல் போகாது. கழிவு எப்போதும் சாதி பார்த்துத்தான் இறங்குகிறது. ஒரு கணினியை இன்னும் ஐந்து வருஷம் ஓட வைப்பது அந்தக் கைகளுக்கும் செய்கிற உதவி.

ஓட வைத்து என்ன செய்யப் போகிறோம்? வேலைக்கு விண்ணப்பிப்பது, படிப்பது எல்லாம் இருக்கு. அதைத் தாண்டி, நம் ஊரில் ஒரு வன்கொடுமை நடந்தால் 1989 சட்டத்தின் கீழ் புகார் எழுதணும். உதவித்தொகை வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடணும். இன்றைக்கும் தட்டச்சுக் கடையில் காத்திருந்து, அந்தக் கடைக்காரர் எந்தச் சாதியோ என்று யோசித்துக்கொண்டே மனு அடிக்கிற நிலை பல ஊர்களில் இருக்கிறது. லினக்ஸில் லிப்ரே ஆபிஸ் இருக்கு, தமிழ்99 விசைப்பலகை இருக்கு. நம் மனுவை நாமே, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடிக்கலாம். நம் சிற்றிதழின் பக்கங்களையே வடிவமைக்கலாம்.

கடைசியாக, இன்றைக்கு வேலை செய்யப் போகிற தன்னார்வத் தோழர்களுக்குச் சில விஷயம். கணினி யாருடையதோ அவர் கைதான் விசைப்பலகையில் இருக்கணும். நீங்க பக்கத்து நாற்காலி. வாயால் சொல்லுங்க, கையைத் தொடையில் வையுங்க. சான்றிதழ், புகைப்படம், செய்முறைக் கோப்பு எல்லாவற்றையும் முதலில் வேறிடத்தில் படியெடுக்கச் சொல்லுங்க. ஒரு பிள்ளையின் சாதிச் சான்றிதழ் நகல் அழிந்தால் திரும்ப வாங்க எத்தனை நாள் அலுவலகத்தில் நிற்கணும் என்று நமக்குத் தெரியும். வட்டு பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருக்கிறதா, மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மேலே போங்க. எதையும் ஏற்றுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைஃபை, ஒலி, விசைகள் எல்லாம் வேலை செய்கிறதா என்று அவர்களே சோதிக்கட்டும். வட்டைப் பிரிக்கிற திரை வரும்போது மட்டும் நிறுத்துங்க. 'வட்டு முழுவதையும் அழி', 'விண்டோஸ் பக்கத்தில் போடு' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்க. சொன்ன பிறகு அவரே அழுத்தட்டும். நேரம் ஆகும். ஆகட்டும்.

'இது தெரியாதா' என்ற வார்த்தை இன்றைக்கு இந்தக் கட்டிடத்தில் கேட்கக்கூடாது. பெண் பிள்ளைகள் தனியாக ஒதுங்கி உட்கார்ந்தால் முதலில் அங்கே போங்க. இரண்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினிக்குக் கனமான பதிப்பை ஏற்றி மூச்சு முட்ட வைக்காதீங்க, லுபுண்டு மாதிரி இலேசானது போதும். இன்னொன்று, வேலை இன்றைக்கு முடிவதில்லை. அடுத்த ஞாயிறு இதே இடத்தில் உட்காருவோம். ஒரு வாரத்தில் என்ன உடைந்தது, என்ன புரியவில்லை என்று அன்றைக்குத்தான் தெரியும். உண்மையான பாடம் அன்றைக்குத்தான்.

இன்று கணினி கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கோரிக்கை. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு கடன் உண்டு. உங்கள் தெருவில், விடுதியில் இன்னொருத்தர் கணினிக்குப் பக்கத்தில் நீங்க உட்காரணும். அப்போது உங்கள் கை எங்கே இருக்கிறது என்று கவனிச்சுக்கோங்க.

வாங்க, உள்ளே போவோம்.