கடைப்பையும் காட்டானையும்

வினாயகபுரத்தில் ஒருவர் மீன் வாங்கினால், மீனோடு ஒரு பொலித்தீன் பையும் வீடு வருகிறது. மீன் அன்றே கறியாகிவிடும். பை எங்கே போகிறது?

அதே அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு இதற்கு விடை கூறும். கரையோர ஊர்கள் பலவற்றின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. உணவின் வாசனை ஒட்டிய பைகளை யானைகள் உண்டன. 2022க்கு முந்திய எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டன எனச் செய்திகள் கூறின. இறந்தவற்றின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் இருந்தன.

சோறு கட்டும் பொலித்தீன் தாளை இலங்கை அரசு 2017இல் தடைசெய்தது. ஆயினும் சட்டம் அடுக்களைக்குள் வந்து குப்பையைப் பிரித்துத் தராது. அது வீட்டாரின் கடமையன்றோ?

நேயர்களே, மீனுக்கு ஓர் உமல், சாமானுக்கு ஒரு துணிப்பை, மிஞ்சிய சோற்றுக்குத் தென்னையடியில் ஒரு குழி. இம்மூன்றும் உள்ள வீட்டிலிருந்து யானையை அழைக்கும் வாசனையும் புறப்படாது. அதைக் கொல்லும் பையும் புறப்படாது.