குரலுக்குப் பின்னே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ஆண்டுதோறும் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அத்தகைய மேடையில் நின்று நான் ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், முன்வரிசைப் பெரியவர்கள் புருவத்தை உயர்த்துவதில் வியப்பில்லை. பழி என்னுடையதன்று, நம் செயலாளருடையது. "இவ்வாண்டு பிள்ளைகளும் எழுந்து ஓடாமல் இருந்து கேட்கும்படி ஏதேனும் பேசுங்கள்" என்றார் அவர். என் பேரனிடம் யோசனை கேட்டேன். அவன் ஒரு நொடியும் தயங்காமல், "சிம்ப்ஸன்ஸ்" என்றான். "அதில் நம் நாட்டுக் கடைக்காரர் ஒருவர் வருகிறார், தாத்தா" என்று சொல்லி, அவரைப் போலவே பேசியும் காட்டினான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் தொடரின் பிறப்பு. 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிரேசி உல்மன் என்னும் நடிகையார் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இடையிடையே காட்டுவதற்குச் சிறு சிறு கேலிப்படங்கள் தேவைப்பட்டன. தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ், மாட் கிரேனிங் என்ற சித்திரக்காரரை அழைத்திருந்தார். கிரேனிங் தம் பழைய பத்திரிகைச் சித்திரங்களைக் கொடுக்கத்தான் சென்றார். கொடுத்தால் அவற்றின் உரிமையும் கைவிட்டுப் போகும் என்று அறிந்ததும் மனம் மாறினார். காத்திருக்கும் கூடத்திலேயே அமர்ந்து, சில நிமிடங்களில் ஒரு புதிய குடும்பத்தை வரைந்துவிட்டார். அவசரத்தில் பெயருக்கு எங்கே போவது? தந்தையின் பெயர் ஹோமர். தாயின் பெயர் மார்ஜ். தங்கையர் லிஸா, மாகி. அப்படியே வைத்தார். மகனுக்கு மட்டும் தம் பெயரைச் சூட்டக் கூசினார் போலும். அடங்காப்பிள்ளை என்று பொருள்படும் 'பிராட்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களை இடம் மாற்றிப் 'பார்ட்' என்று வைத்தார். அவர் பிறந்த போர்ட்லாந்து நகரத்துத் தெருக்களின் பெயர்களே பின்னாளில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாதிரியாருக்கும் நகரத் தலைவருக்கும் பெயர்களாயின. ஊரைவிட்டு வந்தவன் ஊரை எங்கெல்லாம் ஒட்டிவைத்துக்கொள்கிறான், பாருங்கள்! நம் காலனியில் வீட்டு வாயில்களில் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்தால் இது விளங்கும்.

பாட்டனாருக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை அவர் மற்ற எழுத்தாளர்களிடம் விட்டார். அவர்கள் எதுவும் அறியாமல் 'ஆபிரகாம்' என்று வைத்தார்கள். கிரேனிங்கின் உண்மைப் பாட்டனார் பெயரும் அதுவே.

கிரேனிங் கொடுத்தவை கோட்டுக் கிறுக்கல்கள்தாம். சித்திரக் கூடத்தார் அவற்றைத் திருத்தி அழகாக்குவார்கள் என்று எண்ணியிருந்தார். அவர்களோ உள்ளது உள்ளபடியே படியெடுத்துவிட்டார்கள். அந்தக் கோணல்களே நாளடைவில் உலகறிந்த முகங்களாயின. மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தவர் கியோர்ஜி பெலூஸ் என்னும் வண்ணக் கலைஞர். பார்ட்டுக்கும் லிஸாவுக்கும் நெற்றி எங்கே முடிகிறது, தலைமயிர் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு கிடையாது. மனிதத் தோலின் நிறத்தைப் பூசினால் விகாரமாகத் தோன்றும். கிரேனிங்குக்கும் மஞ்சள் பிடித்துப்போயிற்று. அலைவரிசைகளைப் புரட்டிக்கொண்டே போகிறவன் இதைக் கண்டதும் பெட்டி பழுதாகிவிட்டதோ என்று ஒரு கணம் நிற்பான் அல்லவா? அதுவே போதும் என்றாராம்.

அரைமணி நேரத் தொடராக வளர்ந்தபோது பெரிய இடையூறு ஒன்று நேர்ந்தது. முதலாவதாக ஒளிபரப்ப எண்ணிய படம் கொரியாவிலிருந்து வரையப்பட்டுத் திரும்பியபோது, பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். உருவங்கள் ரப்பர்போல் நெளிந்தன. ஏறத்தாழ 70 விழுக்காட்டை மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. இரண்டாவது படமும் அவ்வாறே வந்திருந்தால் தொடரையே கைவிட்டிருப்பார்கள். நல்லவேளையாக அது சீராக இருந்தது. இலையுதிர் காலத்தில் தொடங்க வேண்டிய தொடர், 1989ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், ஒரு கிறிஸ்துமஸ் கதையோடு தொடங்கியது. பழுதான படம் 1990 மே மாதம், அப்பருவத்தின் கடைசிப் படமாக வெளிவந்தது. 2018 ஏப்ரலில் 636ஆம் படம் ஒளிபரப்பானபோது, 'கன்ஸ்மோக்' என்ற பழைய தொடரின் கணக்கைத் தாண்டிவிட்டது. 2025 ஏப்ரலில் நிறுவனத்தார் 40ஆம் பருவம்வரைக்கும் உறுதி கொடுத்தார்கள்.

நிற்க. இத்தொடர் உருவாகும் முறையில் ஒரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. நம் நாட்டில் படத்தை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு அதன் வாயசைவுக்கு ஏற்பக் குரல் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இங்கே நேர்மாறு. எழுத்தாளர்கள் கூடி எழுதிய உரையாடலை, நடிகர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து உரக்கப் படிக்கிறார்கள். சிரிப்பு எழும் இடம் நிற்கிறது. எழாத இடம் மாற்றப்படுகிறது. பிறகு குரலைப் பதிவு செய்கிறார்கள். அதன்பின்தான் சித்திரம். முதன்மைப் படங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் உருவாக, இடைப்பட்ட ஆயிரமாயிரம் படங்கள் தென் கொரியாவின் சியோல் நகரில் வரையப்படுகின்றன. ஓர் அரைமணிப் படம் முடிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே குரலே உயிர்; அந்த உயிருக்குத்தான் பின்னர் உடல் வரைகிறார்கள்.

சியோல் சித்திரக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2010 அக்டோபரில் பாங்க்ஸி என்ற ஓவியர் தொடரின் முகப்புக் காட்சி ஒன்றை அமைத்தார். கீழைநாட்டு ஏழைகள் இருண்ட கிடங்கில் அடிமைகள்போல் உழைத்து இத்தொடரை வரைவதாகக் கேலி. அதையும் வரைய வேண்டியவர்கள் அதே சியோல்காரர்கள்! அக்கூடத்தின் தலைவர் நெல்சன் ஷின் மனம் நொந்து ஆட்சேபித்தார். தம் கூடம் அப்படிப்பட்டதன்று என்றார். ஆயினும் வரைந்து கொடுத்தார்கள்.

குரல் கொடுப்பவர்களில் தலையாயவர் அறுவர். பல ஆண்டுகளாக அவர்கள் முகத்தைத் தெருவில் யாரும் அறியார். டான் காஸ்டெல்லனேட்டா ஒருவரே ஹோமராகவும், பாட்டனாராகவும், கோமாளியாகவும், நகரத் தலைவராகவும் பேசுகிறார். ஜூலி காவ்னர் தாயின் குரல். லிஸாவுக்குக் குரல் தேர்வுக்கு வந்தவர் நான்சி கார்ட்ரைட். அங்கே பார்ட்டைப் பற்றிய குறிப்பைப் படித்ததும் 'எனக்கு இதுதான் வேண்டும்' என்று கேட்டு அப்போதே பெற்றார். பத்து வயதுச் சிறுவனின் குரல் ஒரு பெண்மணியின் குரல்! யார்ட்லி ஸ்மித் என்ற அம்மையார் பார்ட்டாகப் பேசிப் பார்த்தார். பெண்குரலாக இருக்கிறதென்று லிஸாவைக் கொடுத்தார்கள். ஹாரி ஷியரர், ஹாங்க் அசேரியா இருவரும் ஊரில் பாதிப்பேராகப் பேசுகிறவர்கள்.

ஹோமர் சலிப்படையும்போது 'டோ' என்று ஓர் ஒலி எழுப்புவார். எழுத்துப் பிரதியில் அந்தச் சொல் இராது. 'எரிச்சலான முனகல்' என்று மட்டும் குறித்திருப்பார்கள். பழைய லாரல் ஹார்டி படங்களில் வந்த ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற நடிகரின் நீண்ட முனகலைக் காஸ்டெல்லனேட்டா எடுத்தாண்டார். 'நேரம் இல்லை, சுருக்கும்' என்றார் கிரேனிங். சுருங்கிய அவ்வொலி 2001ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியது. புலவர் பலர் ஆயுள் முழுதும் முயன்றும் ஒரு சொல்லை அகராதியில் ஏற்ற முடிவதில்லை!

1998இல் அறுவரும் ஊதிய உயர்வு கேட்டு நின்றார்கள். 'குரல்தானே, வேறு ஆளை அமர்த்துகிறோம்' என்று நிறுவனம் மிரட்டியது. கிரேனிங் நடிகர்கள் பக்கம் நின்றார். படம் ஒன்றுக்கு 30,000 டாலராக இருந்த ஊதியம் 1,25,000 டாலராயிற்று. அதே ஆண்டில் ஃபில் ஹார்ட்மன் என்ற நடிகர் கொல்லப்பட்டார். அவர் பேசிய பாத்திரங்களை வேறொருவர் குரலில் கேட்க மனமின்றி, அவற்றையே நிறுத்திவிட்டார்கள். 2013இல் மார்சியா வாலஸ் மறைந்தபோது அவருடைய ஆசிரியைப் பாத்திரமும் அவ்வாறே விடைபெற்றது. எல்லாருக்கும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 2019இல் ரஸ்ஸி டெய்லர் மறைந்தபின் அவர் பேசிய சிறுவனுக்கு வேறு குரல் வந்தது.

பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 1995இல் லிஸா மரக்கறி உணவுக்கு மாறும் கதைக்குக் குரல் கொடுக்கப் பாடகர் பால் மக்கார்ட்னியை அழைத்தார்கள். அவர் விதித்த நிபந்தனை ஒன்று: 'லிஸா அடுத்த வாரமே மாமிசம் தின்னக் கூடாது, என்றைக்கும் மரக்கறியாகவே இருக்க வேண்டும்.' வாக்குக் கொடுத்தார்கள், இன்றளவும் காத்துவருகிறார்கள்.

அந்தக் கதையில் லிஸாவுக்கு நல்லுரை சொல்பவர் அப்பு. என் பேரன் பேசிக்காட்டிய கடைக்காரர் இவர்தாம். சத்யஜித் ராயின் படங்களில் வரும் அப்புவின் பெயரையே எழுத்தாளர்கள் அன்போடு சூட்டினார்கள். குடும்பப் பெயரோ எந்த இந்திய மொழியிலும் இல்லாத நீண்ட உளறல். 1990இல் அவர் முதன்முதல் தோன்றினார். அப்போது அவர் பெயரற்ற கடைக்காரர். விலையைச் சொல்லும் ஒரு வரி மட்டுமே. எழுத்தாளர் மைக் ரைஸ், கடைக்காரனை இந்தியனாக்குவது புளித்துப்போன வழக்கம், வேண்டாம் என்று குறித்திருந்ததாகச் சொல்கிறார். மேசையில் அசேரியா அந்த வரியை இந்தியர் பேசும் ஆங்கிலமாகப் படித்தார், அறை முழுவதும் சிரித்தது, நிலைத்துவிட்டது. அசேரியா வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்: 'இந்தியர்போல் பேச வருமா? எவ்வளவு புண்படும்படி பேச வரும்?' என்று கேட்டுத்தான் பேசவைத்தார்களாம். எவர் நினைவு சரியோ, இரண்டிலும் அந்த மேசையில் சிரித்தவர்கள் உண்டு.

அந்த உச்சரிப்புக்கு அசேரியா சொன்ன முன்மாதிரிகளுள் ஒன்று, 1968இல் வந்த 'தி பார்ட்டி' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் இந்தியராக வேடமிட்டுப் பேசியது. அதே 1968இல்தான் 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்து வடநாட்டைச் சிரிக்கவைத்தார். நம்மில் மூத்தவர்கள் அலுவலகத்தில் அந்தப் பாட்டு வாத்தியாரின் குரலால் எத்தனை முறை அழைக்கப்பட்டிருப்போம் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அப்புவுக்கு அவர்கள் நல்லதும் செய்தார்கள் என்பதை மறைக்கலாகாது. கணினி இயலில் முனைவர் பட்டம் தந்தார்கள், உழைப்பும் தந்தார்கள். 1996இல் குடியேறியவர்களை வெளியேற்ற ஊர் கூச்சலிடும் கதையில், குடியுரிமைத் தேர்வுக்காரரைவிட அவரே அந்நாட்டு வரலாற்றை நன்கு அறிந்தவராகக் காட்டினார்கள். ஆனால் குரல்? 2017இல் ஹரி கொண்டபோலு என்ற அமெரிக்க இந்திய நகைச்சுவையாளர் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அவரும் இத்தொடரின் ரசிகர், அதனால்தான் வலித்தது. பள்ளியில் தம் பெற்றோரின் பேச்சைக் கேலி செய்வோர் அப்புவின் குரலையே கையாண்டதை எடுத்துச்சொன்னார். 2018 ஏப்ரலில் தொடர் அதற்கு ஒரு காட்சியால் மறுமொழி தந்தது: அன்று பாராட்டப்பட்டது இன்று தவறென்றால் என் செய்வது என்று லிஸாவைச் சொல்லவைத்தார்கள். அது மறுமொழியே அன்று என்பது என் கருத்து. அதே மாதம் அசேரியா, தாம் விலகத் தயார் என்றார். 2020 ஜனவரியில் விலகினார். 2021இல் அவர் மன்னிப்புக் கேட்டபோது ஒரு செய்தியைச் சொன்னார். தம் மகனின் பள்ளியில் இந்திய மாணவர்களோடு பேசினாராம். பதினேழு வயதுப் பையன் ஒருவன். இத்தொடரை ஒருமுறையும் பார்த்திராதவன். அவனுக்கும் 'அப்பு' என்ற பெயர் தெரிந்திருந்தது, வசையாக. சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டதாம்.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பையனுக்காக மட்டும் அன்று. பல ஆண்டுகளுக்குமுன் இதே சங்கத்து நாடகத்தில் நான் கூர்க்கா வேடம் போட்டது பலருக்கு நினைவிருக்கலாம். "ஷாப், நம்பள் கேட் தொறக்குது" என்று நான் பேசியபோது அரங்கம் அதிர்ந்தது, பரிசும் தந்தார்கள். காலனியின் காவற்காரர் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நேபாளத்துக்காரர். காலைதோறும் என்னைக் கண்டதும், "வணக்கம் ஐயா, சாப்பிட்டாச்சா?" என்று தாமே கற்றுக்கொண்ட தமிழில் கேட்பார். நாடகத்துக்கு மறுநாளும் வழக்கம்போல் எழுந்து நின்று கதவைத் திறந்தார். "நமஸ்தே" என்றார். அதன்பின் அவர் ஊர் திரும்பும்வரை என்னிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பு இன்னும் அத்தொடரில் இருக்கிறார். கூட்டக் காட்சிகளில் எங்கோ பின்வரிசையில் நிற்கிறார். பேசுவதில்லை. வேறு குரல் அவருக்கு இன்னும் தரப்படவில்லை.

இன்றைய நாடகத்திலும் அந்தக் கூர்க்கா வேடம் இருக்கிறது. என்னையே ஏற்கும்படி இளைஞர்கள் அன்போடு கேட்டார்கள். அந்த வரிகளை எடுத்துவிடும்படி சொல்லியிருக்கிறேன். எனக்குத் திரை இழுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மணி ஏழாகப் போகிறது. நான் உள்ளே போக வேண்டும்.